எண்பது வாட்

வழக்கு ஒரு லேசர் இயந்திரத்தைப் பற்றியது. ஆனால் முதல் சில வாய்தாக்களில் இயந்திரத்தைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் எதிர்தரப்பு வழக்கறிஞர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "புகார்தாரர் நுகர்வோரே அல்ல, வியாபாரி. இந்தப் புகார் இங்கே நிற்காது."

சும்மா சொல்லவில்லை. என் கட்சிக்காரருக்கு ஜி.எஸ்.டி. எண் இருந்தது. இயந்திரத்துக்குக் கட்டிய 18 சதவீத வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்திருந்தார். கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு, உதவிக்கு ஒரு பையன் உண்டு. இதையெல்லாம் வரிசையாகச் சான்றாவணமாகக் குறித்து வைத்திருந்தார்கள். திறமையான வழக்கறிஞர், அவர் இடத்தில் நான் இருந்தாலும் அங்கேதான் தொடங்கியிருப்பேன்.

கட்சிக்காரர் ஷீல்டு, கீ செயின், வீட்டுப் பெயர்ப்பலகை செய்பவர். எழுத்து வெட்டும் வேலையை வெளியே கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தவர், அந்தக் கூலியும் தனக்கே மிஞ்சட்டும் என்று முத்ரா கடனில், 5 லட்சம் வரை தரும் 'கிஷோர்' பிரிவில், பணம் வாங்கினார். சென்னையில் ஓர் இறக்குமதியாளரிடம் சீனத்துக் கார்பன் டை ஆக்சைடு லேசர் இயந்திரம் ஒன்றை நான்கு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக வாங்கினார். விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு இது: "ஃபுல் எண்பது வாட் சார். பத்து எம்.எம். அக்ரிலிக்க ஒரே பாஸ்ல வெட்டும்."

வெட்டவில்லை. முதலில் ஆறு மில்லிமீட்டருக்கே திணறியது. சித்திரை வெயில் ஏறியதும் எம்.டி.எஃப் பலகையின் ஓரங்களைக் கருக்கிவிட்டுப் பாதியில் நின்றது. என்னிடம் வந்தபோது கடன் தவணை இரண்டு மாதம் பாக்கி. "வேலைய மறுபடி வெளியிலதான் சார் குடுக்குறேன். வட்டி மட்டும் நான் கட்டுறேன்" என்றார்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(7), வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோர் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டுமே பொருளை வாங்கித் தானே பயன்படுத்துகிறவருக்கு, அதே பிரிவின் விளக்கம் கதவைத் திறந்து வைக்கிறது. எதிர்தரப்பு துருப்புச்சீட்டாக இறக்கியது, உச்ச நீதிமன்றம் 1995இல் முடித்த லட்சுமி இன்ஜினியரிங் வொர்க்ஸ் வழக்கு. அதுவும் இயந்திரம் வாங்கியதைப் பற்றியதுதான். விற்றது கோவை நிறுவனம். வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பதே முடிவு.

முடிவை மட்டும் படித்தால் நாங்கள் தோற்றோம். அதே தீர்ப்பைத் தொடர்ந்து படித்தால் ஓட்டுவதற்காக ஆட்டோ வாங்கியவர் வருகிறார், தானே இயக்கிப் பிழைக்கக் கடைசல் இயந்திரம் வாங்கியவர் வருகிறார். ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அவர் நுகர்வோராகவே இருப்பார் என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது. வேலையற்ற பட்டதாரிகள் பிழைப்புக்காகப் புகைப்பட அச்சு இயந்திரம் வாங்கிய பாரமவுண்ட் டிஜிட்டல் கலர் லேப் வழக்கில், 2018இல் உச்ச நீதிமன்றம் அவர்களை நுகர்வோர் என்றே ஏற்றது. இரண்டையும் முன்வைத்தேன்.

ஆனால் இந்த விஷயத்தில் தீர்ப்புகள் பாதி தூரம்தான் வரும். மீதித் தூரத்துக்குக் காகிதம் வேண்டும். வங்கியின் கடன் அனுமதிக் கடிதத்தில் நோக்கம் 'சுயதொழில்' என்றிருந்தது. வேறு வருமானம் இல்லை என்று வருமான வரிக் கணக்கு காட்டியது. இயந்திரத்தை இயக்குவது அவரேதான் என்பதற்கு, பயிற்சி கொடுத்து முடித்ததாக விற்பனையாளரே கையெழுத்து வாங்கிய தாள் இருந்தது. அதில் பயிற்சி பெற்றவர் என்ற இடத்தில் என் கட்சிக்காரரின் பெயர் ஒன்றுதான். அவர்களுடைய தாள், எங்களுடைய சான்றாவணம்.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடிக்காத இடம் இதுதான். தன் தொழில் சிறியது என்பதைத் தொழிலாளியே கூண்டேறிச் சொல்லி நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இன்னும் இரண்டு இயந்திரம் வாங்கி நாலு பேருக்கு வேலை கொடுத்திருந்தால், அதே ஓட்டை இயந்திரத்துக்காக அவர் உரிமையியல் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் நின்றிருப்பார்.

பில்லின் பின்பக்கம் 'வழக்குகள் சென்னை எல்லைக்கு உட்பட்டவை' என்று அச்சடித்திருந்தார்கள். அதில் நேரம் போகவில்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ புகார் கொடுக்கலாம் என்று புதிய சட்டத்தின் பிரிவு 34 சொல்கிறது. தயாரிப்பாளர் சீனாவில் இருக்கிறார், நாங்கள் வாங்கி விற்பவர்கள்தான் என்ற வாதமும் வந்தது. தயாரிப்பாளர் இந்தியச் சட்டத்துக்கு எட்டாதவர் என்றால் விற்றவரே பொறுப்பு என்று பிரிவு 86 இருக்கிறதே என்று என் ஜூனியர் துள்ளினார். அது பொருள் பொறுப்பு அத்தியாயம். இயந்திரம் தீப்பிடித்துக் கடையோ கையோ எரிந்தால் அது உதவும். இயந்திரத்திலேயே உள்ள குறைக்கு அங்கே இடமில்லை. எங்களுக்குத் தேவையும் இல்லை: பணம் வாங்கியவர், பில் போட்டவர், வாக்குக் கொடுத்தவர் எல்லாம் சென்னைக்காரரே.

கடைசியில் இயந்திரத்துக்கு வந்தோம். பொறியியல் கல்லூரி இயற்பியல் பேராசிரியர் ஒருவரை ஆணையராக நியமிக்கக் கேட்டேன், நியமித்தார்கள். இந்த வகை இயந்திரத்தின் உயிர் ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஜன், ஹீலியம் வாயுக்கள். சுற்றிலும் தண்ணீர் ஓடும். பல ஆயிரம் வோல்ட் பாயும். பேராசிரியர் குழாயின் நீளமும் விட்டமும் அளந்தார், ஒளிக்கற்றையின் திறனை மீட்டரில் பார்த்தார். எண்பது என்று விற்றது அறுபதைத் தொடவில்லை.

"மில்லி ஆம்பியரைக் கூட்டினால் எண்பது வருமா, வராதா?" என்றார் எதிர்தரப்பு வழக்கறிஞர். "கொஞ்ச நேரத்துக்கு வரும். அப்படியே ஓட்டினால் குழாயின் ஆயுள் சீக்கிரம் முடிந்துவிடும்" என்றார் பேராசிரியர். உச்சத்தில் ஒரு கணம் எட்டும் எண்ணைத் தொடர்ந்து கிடைக்கும் திறன் போலக் காட்டி விற்பது இந்தச் சந்தையில் பழகிப்போன வழக்கம் என்பதை நானே அந்தப் பதிலுக்குப் பிறகுதான் சரியாக விளங்கிக்கொண்டேன்.

அடுத்த தற்காப்பு: குழாய் கெட்டதற்குச் சூடான தண்ணீரில் ஓட்டியதே காரணம், ஆக அது பயனாளரின் தவறு. தண்ணீர் ஏறக்குறைய 25 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று கையேட்டில் இருப்பதையும் காட்டினார்கள். உண்மைதான், சூடேறினால் திறன் குறையும், குழாயும் கெடும். ஆனால் தண்ணீரைக் குளிரூட்டும் பெட்டியையும் ('சில்லர்') அவர்களே, அதே பில்லில் விலை போட்டுக் கொடுத்திருந்தார்கள். பேராசிரியர் அதைத் திறந்து பார்த்து அறிக்கையில் எழுதியிருந்தார்: உள்ளே கம்ப்ரசர் இல்லை, விசிறியும் ரேடியேட்டரும் மட்டும். கார் ரேடியேட்டர் போலத்தான் அது. அறையின் சூட்டுக்குக் கீழே தண்ணீரைக் கொண்டுபோக அதனால் ஆகாது. தகரக் கூரை போட்ட மதுரைக் கடையில் மே மாதம் அறையின் சூடு எவ்வளவு என்று தலைவர் கேட்டார். யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குழாய், லென்ஸ், கண்ணாடிகளுக்கு வாரண்டி கிடையாது என்ற நிபந்தனையை நியாயமற்ற ஒப்பந்தம் என்று தாக்கியிருக்கலாம். ஆனால் அதை விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை, மாநில ஆணையத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதனால் சுருக்கமாக வாதிட்டேன்: தேய்மானத்துக்கு வாரண்டி கேட்கவில்லை, சொன்ன பொருளைத் தராததற்குக் கேட்கிறோம்.

இயந்திரத்தின் விலையைத் திருப்பித் தரவும், இயந்திரத்தைத் தம் செலவில் எடுத்துப்போகவும், மன உளைச்சலுக்கு ஒரு தொகையும் செலவுத் தொகையும் கொடுக்கவும் உத்தரவானது. வரி வரவாக எடுத்துக்கொண்ட பகுதியைக் கழித்துவிட்டார்கள். கட்சிக்காரருக்கு அதில் வருத்தம். எனக்கு இல்லை, அந்தப் பணம் ஏற்கெனவே அவர் கணக்குக்கு வந்துவிட்டது.

மேல்முறையீட்டுக்கு 45 நாள், அதற்கும் உத்தரவுத் தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும். அவர்கள் கட்டவில்லை. பணத்தையும் தரவில்லை. பிரிவு 72இன் கீழ் மனுப் போட்டேன். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதத்துக்குக் குறையாத சிறைத் தண்டனை வரை அதில் வழி உண்டு. சம்மன் போய்ச் சேர்ந்த பிறகு டி.டி. வந்தது.

கட்சிக்காரர் அடுத்த இயந்திரம் வாங்கப் போனபோது விலைப்புள்ளியை என்னிடம் அனுப்பினார். "தொடர்ந்து இயங்கும்போது கிடைக்கும் வாட் எவ்வளவு, சில்லரில் கம்ப்ரசர் உண்டா, ரெண்டையும் பில்லுலயே எழுதித் தரச் சொல்லுங்க தம்பி" என்றேன். முதல் வியாபாரி முடியாது என்றார். இரண்டாமவர் எழுதிக் கொடுத்தார். விலை நாற்பதாயிரம் அதிகம்.