கிழக்கே திரும்பும் ஓவ்லங்கா

பின்லாந்தின் ஆறுகளில் பெரும்பாலானவை பால்டிக் கடலை நோக்கி ஓட, வடகிழக்கு மூலையில் ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய சல்லா வட்டாரத்துச் சதுப்புகளில் பிறக்கும் ஓவ்லங்காவோ கூசமோ வட்டாரத்துக் காடுகளினூடே கிழக்கே திரும்பி, ரஷ்ய எல்லையைக் கடந்து, ஏரிகள் சிலவற்றின் வழியாக வெண்கடலைச் சேர்கிறது. இதற்குக் காரணம், மழைநீரையும் பனியுருகுநீரையும் இரு வேறு கடல்களுக்குப் பிரித்தனுப்பும் நீர்பிரிமேடு இவ்வட்டாரத்தின் குறுக்கே செல்வதுதான். கண்ணுக்கு அது மலைத்தொடராகத் தென்படுவதில்லை. பைன், ஸ்புரூஸ் மரங்கள் மூடிய தாழ்ந்த குன்றுகளாகவே தெரிகிறது.

ஆற்றின் போக்கை விளங்கிக்கொள்ளப் பாறையையும் மணலையும் பிரித்துப் பார்த்தால் போதும். மேற்பகுதியில் கடினமான பாறையைப் பிளந்து செல்லும் ஆறு, செங்குத்துச் சுவர்களுக்கிடையே ஒடுங்கி, கியுத்தாகோங்காஸ் என்னும் இடத்தில் சுமார் 14 மீட்டர் உயரத்தை ஒரே பாய்ச்சலில் இறங்காமல், அடுத்தடுத்த விரைவோட்டங்களாக இறங்குகிறது. அங்குள்ள செந்நிறச் சுவர் டோலமைட்டால் ஆனது. சுண்ணாம்புடன் மக்னீசியமும் சேர்ந்த படிவுப்பாறையே டோலமைட் எனப்படும். வடக்கத்திய ஊசியிலைக் காட்டின் மண் பொதுவாக அமிலத்தன்மை மிக்கது. இந்தச் சுண்ணாம்புச் சத்து அதனைத் தணிப்பதால், மற்ற இடங்களில் அரிதான தாவரங்கள் இங்கு வேரூன்றுகின்றன. 1956இல் அமைக்கப்பட்ட ஓவ்லங்கா தேசியப் பூங்காவின் சின்னமான கலிப்சோ ஆர்கிட் அவற்றுள் ஒன்று. ஒரே ஓர் இலையும் ஒரே ஓர் இளஞ்சிவப்புப் பூவுமாகப் பாசிமெத்தையிலிருந்து விரலளவே எழும் அச்செடியை, அருவியோசையில் மயங்கி நடப்பவர் மிதித்துவிட்டுப் போகவும் கூடும்.

சுற்றுலா வருவோரில் பலர் அந்தச் செஞ்சுவரைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். ஆனால் இவ்வாற்றின் தனித்தன்மை அதற்குக் கீழேதான் தொடங்குகிறது. பனியூழியின் இறுதியில் உருகிய பனிப்பாளங்களின் நீர் சுமந்துவந்து நிரப்பிய மணற்படுகையில் நுழைந்ததும், பாறையின் பிடியிலிருந்து விடுபட்ட ஆறு, வேகம் தணிந்து இடமும் வலமுமாக வளைந்து செல்கிறது. வளைவின் வெளிப்புறத்தில் நீரோட்டம் விரைவாக இருப்பதால் கரை அரிக்கப்பட்டு, வேரோடு சாய்ந்த பைன்கள் நீரில் தலைகவிழ்ந்து கிடக்க, உட்புறத்தில் ஓட்டம் மெலிந்து வெண்மணல் திட்டுகள் படிகின்றன. இரு வளைவுகள் நெருங்கிவரும் குறுகிய கழுத்தை வெள்ளம் உடைத்துக்கொண்டு நேர்வழியில் ஓடும்போது, கைவிடப்பட்ட பழைய வளைவு குளமாகத் தேங்கிவிடுகிறது. புவியியலார் இதனைக் குதிரைலாட ஏரி என்பர்.

இவ்வளைவுகளின் ஓரங்களில் காணப்படும் புல்வெளிகளைக் கன்னிநிலம் என்று கொள்வது பிழை. வசந்தத்தில் பனி உருகிப் பெருகும் வெள்ளம் ஆண்டுதோறும் வண்டலைப் பரப்பிச் செல்ல, அதில் செழித்த புல்லை அக்கம்பக்கத்து உழவர்கள் தலைமுறைகளாக அறுத்து, நீண்ட குளிர்காலத்துக்குக் கால்நடைத் தீவனமாகச் சேமித்தனர். அறுப்பு நின்றால் வில்லோ புதர்கள் மண்டிவிடும் என்பதால், பூங்கா நிர்வாகம் சில புல்வெளிகளை இன்றும் அறுத்துப் பேணுகிறது. காட்டைக் காக்க மனிதரை விலக்குவதே வழி என்னும் கருத்துக்கு இது நல்ல மறுப்பு.

தெற்கிலிருந்து வரும் கித்கா ஆறு, யூரவா என்னுமிடத்தில் 9 மீட்டர் வீழ்ந்தபின் எல்லைக்கு அருகே ஓவ்லங்காவுடன் கலக்கிறது. பெரிய ஏரிகளில் தேங்கித் தெளிந்து வருவதால் கித்காவின் நீர் பளிங்குபோல் இருக்க, சதுப்புகளின் மக்கிய தாவரச் சாற்றை ஏந்திவரும் ஓவ்லங்காவில் பழுப்புச் சாயல் படிந்திருக்கும். எல்லைக்கப்பால் அது சேரும் பானயார்வி, 128 மீட்டர் ஆழமுடைய ஒடுங்கிய ஏரி. இரண்டாம் உலகப் போருக்கு முன் பின்லாந்திடமிருந்த அந்த ஏரி, போரின் விளைவாகச் சோவியத் ஒன்றியத்துக்குச் சென்றது. இன்று ரஷ்யாவின் பானயார்வி தேசியப் பூங்காவில் உள்ளது.

பூங்காவினூடே செல்லும் 82 கிலோமீட்டர் நீள ‘கரடிச் சுற்று’ நடைபாதையில் அருவிகளை எளிதாகக் காணலாம். மணல் வளைவுகளைப் பார்க்க விரும்புவோர் கியுத்தாகோங்காஸுக்குக் கீழே படகேறுவதே நல்லது. நீரோட்டம் சாதுவாக இழுத்துச் செல்லும் என்றாலும், எல்லை மண்டலத்துக்கு முன்பே கரையேறிவிட வேண்டும். அனுமதியின்றி உள்ளே செல்வது சட்டப்படி குற்றம்.