நீலகிரியில் குளிர்காய்தல்

சித்திரை வைகாசியில் உதகமண்டலம் போய் வருகிறவர்கள் அந்த ஊரைப் பாதிதான் பார்த்தவர்கள். மற்றப் பாதியைப் பார்க்க மார்கழி, தை மாதங்களில் போகவேண்டும். மேட்டுப்பாளையத்தில் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மலை ரயிலில் ஏறுகிறவர், குன்னூர் வருவதற்குள் பெட்டியைத் திறந்து சால்வையைத் தேடுகிறார். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 7,350 அடி உயரத்தில் இறங்கும்போது காது மடல் விறைத்துப் போயிருக்கும். விடியற்காலையில் பள்ளமான மைதானங்களில் புல்லின்மேல் உப்பைத் தூவியதுபோல் உறைபனி படிந்திருக்கும். அப்பொழுதுதான் அங்குள்ள பழைய வீடுகளின் கூரைமேல் செங்கல் புகைபோக்கிகள் ஏன் நிற்கின்றன என்பது நமக்கு விளங்கும்.

கோயமுத்தூர் கலெக்டராயிருந்த ஜான் ஸல்லிவன் 1822-ம் வருஷத்தில் இங்கே கல் வீடு கட்ட ஆரம்பித்தார். அவருக்குப் பின் வந்த ஆங்கிலேயர்கள் தங்கள் ஊர் ரோஜாவையும் உருளைக்கிழங்கையும் கொண்டுவந்ததுபோலவே, தங்கள் ஊர்க் கணப்படுப்பையும் கொண்டுவந்தார்கள். சுவரில் மாடம்போல் ஒரு குழி, அதற்குமேல் புகைபோக்கி, முன்னால் நாற்காலி: இதுதான் அவர்களுக்கு வீடு என்பதன் லக்ஷணம்.

ஆனால் இந்தக் கணப்பின் பசி சாதாரணமானதல்ல. மலையின் மடிப்புகளில் நீரூற்றுகளைக் காத்துநின்ற சோலைக் காடுகள் விறகாகி எரிந்தன. விறகுப் பஞ்சம் வந்தபின், ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும் கர்ப்பூர மரமும் வந்தன. 1843-ல் கர்ப்பூர மரம் நடப்பட்டது. 1860-க்குப் பின் சர்க்காரே விறகுக்காகத் தோப்புகள் போட்டது. இன்று உதகைக்குப் போகிறவர்கள் "ஆகா, என்ன வாசனை!" என்று மெச்சுகிற அந்த மரங்கள் பெரும்பாலும் கணப்புக்காக வந்தவையே. சோலை இருந்த இடமும் புல்வெளி இருந்த இடமும் அவற்றுக்குப் போய்விட்டன.

இவ்வளவு மரத்தைத் தின்ற கணப்பு, அறையைச் சூடாக்கியதா என்று கேட்டால், அதுதான் வேடிக்கை. திறந்த கணப்பில் எரியும் விறகின் உஷ்ணத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவே அறைக்குக் கிடைக்கும். மற்றதெல்லாம் புகைபோக்கி வழியே ஆகாயத்துக்குப் போகிறது. அது மட்டுமா? தீ எரிய எரிய அறையிலுள்ள சூடான காற்றையும் மேலே இழுத்துக்கொண்டு போகிறது. போன காற்றுக்கு ஈடாகக் கதவிடுக்கிலும் ஜன்னலிடுக்கிலும் வெளிக் குளிர்காற்று உள்ளே நுழைகிறது. கணப்புக்கு எதிரே இருப்பவருக்கு இதம். அடுத்த அறையில் படுத்திருப்பவருக்கு முன்னைவிட அதிகக் குளிர்!

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவர் உதகையில் அப்படியொரு பழைய பங்களாவில் இருக்கிறார். அவருடைய தாயாருக்கு எண்பது வயதாகிறது. புகையினால் இருமல், குளிரினால் மூட்டு வலி. "கீழே கோயமுத்தூருக்கு வந்துவிடு அம்மா" என்று இளைய மகன் ஒவ்வொரு வருஷமும் மன்றாடுவது வழக்கம். நான் போயிருந்தபோது அந்த அம்மாள் என்னிடம், "முப்பது வருஷம் இருந்த வீடு, தம்பி. கணப்புக்கு முன்னால் உட்கார்ந்தால் முகம் வேகிறது, முதுகு உறைகிறது, வாஸ்தவந்தான். அதற்காக இந்தச் செடிகளை விட்டுவிட்டுப் போகமுடியுமா?" என்றார். தாயாரை அந்த வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டுமானால் கணப்பைத் திருத்தியே ஆகவேண்டும் என்று நண்பர் தீர்மானித்தார்.

கூடத்துக் கணப்பை அவர் திருத்திய முறை இருநூறு வருஷத்துக்கு மேற்பட்டது. அமெரிக்காவில் 1753-ல் பிறந்து, பவேரியாவில் பிரபுப் பட்டம் பெற்ற ரம்போர்டு என்ற விஞ்ஞானி, 1796-ல் கணப்படுப்பைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் சொன்னது சுலபமான சங்கதி. தீயின் உஷ்ணம் வெயிலைப்போல நேராகப் பாய்வது. ஆகவே அது அறைக்குள் பாயும்படி அடுப்பை அமைக்கவேண்டும். ஆழமான சதுரக் குழியில் தீ மூட்டினால் பக்கச் சுவர்களே அந்த வெயிலை மறைத்துக்கொள்ளும். பின்சுவரை முன்னால் கொண்டுவந்து, அதன் அகலத்தை முன்வாயில் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, பக்கச் சுவர்களை விரித்த புத்தகம்போல் சாய்வாகக் கட்டவேண்டும். புகை ஏறும் தொண்டையை நாலு அங்குலமாகக் குறுக்கவேண்டும். அப்படிச் செய்தால் புகை தடையின்றி மேலே போகும். அறைக் காற்று வீணாக அதனுடன் போவது குறையும். லண்டன் நகரத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளில் கணப்புகள் இவ்விதம் திருத்தப்பட்டன. உதகைக் கொத்தனார் ஒருவர் படத்தைப் பார்த்து இதைச் சில தினங்களில் கட்டி முடித்துவிட்டார். பின்சுவரில் ஒரு கனமான வார்ப்பிரும்புத் தகட்டையும் சார்த்தினார்கள். அது சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, தீ தணிந்த பிறகும் மெல்ல மெல்ல வெளியிடுகிறது.

தாயாரின் அறையில் வேறு ஏற்பாடு. பழைய குழிக்குள் கண்ணாடிக் கதவு பொருத்திய இரும்புப் பெட்டி ஒன்றைச் செருகி, அதிலிருந்து புகைக்குழாயைக் கூரைவரை கொண்டுபோயிருக்கிறார்கள். தீக்கு வேண்டிய காற்று வெளியிலிருந்து ஒரு சிறு குழாய் மூலம் நேரே பெட்டிக்குள் வருகிறது. அறைக் காற்று செலவாவதில்லை. நல்ல பெட்டியாயிருந்தால் விறகின் உஷ்ணத்தில் நூற்றுக்கு 60 முதல் 75 பங்கு வரை வீட்டுக்குக் கிடைக்கும். கண்ணாடியிலும் தாரதம்மியம் உண்டு. சாதாரணக் கண்ணாடி தீயின் வெப்பத்தில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். பீங்கான் இனத்தைச் சேர்ந்த விசேஷக் கண்ணாடி அதை அதிகமாக உள்ளே விடும். முன்பு ஒரு மாலைக்கு ஆன விறகில் பாதிகூட இப்பொழுது ஆவதில்லை என்றார் நண்பர். அந்த அம்மாளின் இருமல் பாதியாகக் குறைந்ததுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றியது.

கணப்பு எவ்வளவு சிறந்ததானாலும் விறகு ஈரமாயிருந்தால் பயனில்லை. அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் பாதிவரை தண்ணீர் இருக்கும். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து விரட்டவே தீயின் பலம் செலவாகிறது. மிஞ்சுவது புகையும், புகைபோக்கியில் தார்போல் படியும் கரியுந்தான். அந்தக் கரி ஒரு நாள் தீப்பற்றிக்கொண்டால் கூரைக்கே ஆபத்து. நீலகிரியில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. ஆதலால் தை, மாசியில் வெட்டி, பச்சையாயிருக்கும்போதே பிளந்து, மேலே கூரையும் பக்கங்களில் காற்றோட்டமும் உள்ள கொட்டகையில் அடுத்த குளிர்காலம் வரை அடுக்கிவைக்கவேண்டும். கர்ப்பூர மரம் காய்ந்தபின் கோடரிக்கு எளிதில் இணங்காது. வருஷத்துக்கு ஒரு முறை புகைபோக்கியைச் சுத்தம் செய்யவேண்டும்.

இன்னொரு விஷயத்தைக் குடும்பஸ்தர்கள் மறக்கக்கூடாது. கணப்பு எரியாத நேரத்தில் புகைபோக்கியின் கழுத்திலுள்ள இரும்பு மூடியைச் சாத்திவைத்தால் அறைச் சூடு தங்கும். ஆனால் தணல் முழுவதும் அவிந்த பிறகே சாத்தவேண்டும். கனிந்துகொண்டிருக்கும் தணலிலிருந்து நிறமும் மணமும் இல்லாத விஷ வாயு ஒன்று வெளிவருகிறது. மலைவாச ஸ்தலங்களுக்குச் சென்றவர்கள் குளிருக்குப் பயந்து, மூடிய அறையில் கரியடுப்பை வைத்துக்கொண்டு தூங்கி, மறுநாள் எழுந்திராமல் போன செய்தி அவ்வப்பொழுது பத்திரிகைகளில் வருகிறது. புகைபோக்கியில்லாத தீயைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகவே கூடாது.

உதகை பொட்டானிகல் தோட்டத்துக்கு மேலே தோடர்களின் மந்து ஒன்று இருக்கிறது. மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்ததுபோல் கட்டும் குடிசை அவர்களுடைய பழைய வீடு. ஜன்னல் கிடையாது. வாயில் மூன்று அடி உயரந்தான், தவழ்ந்துதான் நுழையவேண்டும். புகை கண்ணைக் கரிக்கும் என்பது உண்மையே. இன்று தோடர்களில் பெரும்பாலோர் சாதாரண வீடுகளில் வசிக்கிறார்கள். ஆனாலும் காற்று நுழையும் வழியைச் சுருக்கி, கூரையைத் தடித்த புல்லால் வேய்ந்து, சின்னஞ்சிறு நெருப்பைக்கொண்டு குடும்பம் முழுவதையும் காப்பாற்றும் வித்தையை அவர்கள் அறிந்திருந்தார்கள். கல் வீடு கட்ட வந்தவர்கள் அந்த வாயிலில் ஒரு தடவை குனிந்து நுழைந்து பார்த்திருந்தால், எத்தனையோ சோலைகள் இன்றும் நின்றுகொண்டிருக்கும்.