குழந்தையோடு சென்னைக்குப் போகிறவர்கள் அறை எடுக்குமுன்



என்னிடம் அ, ஆ படித்த பிள்ளைகள் பலர் இப்போது அப்பா அம்மா ஆகிவிட்டீர்கள். போன மாதம் மட்டும் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். "டீச்சர், பிள்ளையையும் கூட்டிக்கிட்டு மெட்ராஸ் போகணும். எங்க தங்கினா வசதியா இருக்கும்?" ஒருவருக்கு அம்மாவின் கண் ஆபரேஷன். ஒருவருக்கு விசா நேர்காணல். ஒரு பெண்ணுக்கு டி.என்.பி.எஸ்.சி. கலந்தாய்வு. ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர் யாரும் இல்லை. மூன்று வீட்டிலும் இரண்டு வயதுக்குள் ஒரு குழந்தை. தனித்தனியாக எழுதுவதைவிட எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

இதில் எனக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். போன வருடம் என் மகளுக்கு குரூப் 4 கலந்தாய்வு வந்தது. பேரனுக்கு அப்போது ஒரு வயது ஒன்பது மாதம். பால்குடி இன்னும் மறக்கவில்லை. மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் நான் துணைக்குப் போனேன். கலந்தாய்வுக்குக் குறித்த நாளில் போகாவிட்டால் மறு வாய்ப்பு கிடையாது. நான்கு வருடம் அடுப்படியில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தவள் அவள். உள்ளே குழந்தையைக் கொண்டு போக முடியாது. தரவரிசைப்படி அழைப்பார்கள் என்பதால் எத்தனை மணிக்கு வெளியே வருவாள் என்றும் சொல்ல முடியாது. பிள்ளை அறையில் அழுதுகொண்டிருந்தால் இவள் அங்கே எந்த மனதோடு துறையையும் மாவட்டத்தையும் தேர்வு செய்வாள்? அதனால் அறை தேடுவதை நாங்கள் பரீட்சைக்குப் படிப்பதுபோலவே எடுத்துக்கொண்டோம்.

முதலில் உறவுகளுக்கு ஒரு வார்த்தை. "சொந்தக்காரங்க வீடு இருக்கும்போது லாட்ஜ்ல தங்குறதா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். எங்களுக்கும் வந்தது. போரூரில் இருக்கும் என் நாத்தனார், "ஏன் மதினி, எங்க வீட்ல இடம் இல்லையா?" என்று வருத்தப்பட்டாள். போரூருக்கும் பார்க் டவுனில் இருக்கும் தேர்வாணைய அலுவலகத்துக்கும் 15 கிலோமீட்டருக்கு மேல். காலை நேரத்து நெரிசலில் அது எவ்வளவு நேரம் ஆகும் என்று சென்னைக்காரர்களுக்குத் தெரியும். அதோடு, புது வீட்டில் ஆளுக்கொரு தடவை தூக்கிக் கொஞ்சினால், அந்த வயதுப் பிள்ளை மிரண்டு போய் அம்மாவை விட்டு இறங்கவே மாட்டான். இதையெல்லாம் அவளிடம் எடுத்துச் சொன்னேன். வேலை முடியும் வரை அறையில் இருந்தோம். முடிந்த மறுநாள் அவள் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் நிம்மதியாகத் தங்கினோம். யாருக்கும் மனக்குறை இல்லை. உறவுகளே, கைக்குழந்தையோடு வருகிறவர்கள் அறை எடுத்தால் உங்களை மதிக்கவில்லை என்று நினைக்காதீர்கள்.

இனி அறைக்கு வருவோம்.

அறையைத் தேர்வு செய்யும்போது நட்சத்திரத்தையோ நீச்சல் குளத்தையோ பார்க்காதீர்கள். குழந்தை மத்தியானம் எங்கே தூங்கும் என்று பாருங்கள். ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பகல் தூக்கமும் அதில் சேர்த்தி. பகல் தூக்கம் கெட்டால் சாப்பாடு கெடும். சாப்பாடு கெட்டால் ராத்திரியும் கெடும். மறுநாள் பெரியவர்களின் வேலையும் கெடும். ஆகவே, போகிற வேலைக்கும் அறைக்கும் நடுவே ஆட்டோவில் பதினைந்து, இருபது நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது. பார்க் டவுன், சென்ட்ரல் பக்கம் வேலை என்றால் எழும்பூர், பெரியமேடு. சங்கர நேத்ராலயா என்றால் நுங்கம்பாக்கம். அமெரிக்கத் தூதரகம் என்றால் ஆயிரம் விளக்கு, நுங்கம்பாக்கம், தேனாம்பேட்டை. கல்யாண ஜவுளிக்கு தி.நகர் போகிறவர்கள் கடைத்தெருவின் சந்தடிக்கு உள்ளேயே எடுக்காமல் இரண்டு தெரு தள்ளி எடுங்கள். எழும்பூரில் எடுப்பவர்களுக்கு இன்னொரு தைரியமும் உண்டு. அரசு குழந்தைகள் நல மருத்துவமனை அங்கே ஹால்ஸ் ரோட்டிலேயே இருக்கிறது.

அடுத்தது நேரம். நம் பக்கத்து இரவு ரயில்கள் பெரும்பாலும் விடியற்காலையிலேயே சென்னை சேர்ந்துவிடும். பல ஹோட்டல்களில் பகல் 12 மணிக்குத்தான் அறை கொடுப்பார்கள். ரயிலில் அரைத் தூக்கம் தூங்கிய பிள்ளையோடு வரவேற்பறை சோபாவில் ஆறு மணி நேரம் உட்கார முடியுமா? எழும்பூர், திருவல்லிக்கேணி போன்ற இடங்களில் 24 மணி நேரக் கணக்கு வைத்திருக்கும் லாட்ஜுகள் இன்னும் இருக்கின்றன. காலை ஆறு மணிக்கு நுழைந்தால் மறுநாள் காலை ஆறு மணி வரை நம் அறை. அப்படி இல்லாத இடம் பிடித்திருந்தால், சீக்கிரம் அறை தருவார்களா, அதற்குத் தனிக் கட்டணமா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் வேலைக்கு முதல் நாளே போய்விடுங்கள். பிள்ளைக்கு இடம் பழக ஒரு பகலாவது வேண்டும்.

ஆப்பில் பார்த்துவிட்டு அப்படியே பணம் கட்டாதீர்கள். படங்கள் எப்போது எடுத்தவையோ! பிடித்த மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு நேரடியாகப் போன் செய்யுங்கள். "ஃபேமிலி ரூம் இருக்கா?" என்று மட்டும் கேட்டால், "இருக்கு மேடம்" என்று முடித்துவிடுவார்கள். நம் ஊரில் 'ஃபேமிலி லாட்ஜ்' என்று பலகை வைத்தால், குடும்பத்தோடு கௌரவமாகத் தங்கலாம் என்றுதான் பொருள். குழந்தைக்கு ஏற்ற அறை என்று பொருள் அல்ல. அதனால் நான் ஒரு வினாத்தாளே தயாரித்து வைத்திருந்தேன். நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டடத்தில் பார் இருக்கிறதா? பக்கத்தில் கல்யாண மண்டபம் உண்டா? ரோட்டுப் பக்கத்து அறையா, பின்பக்கத்து அறையா? லிஃப்ட் உண்டா, கரண்ட் போனால் ஜெனரேட்டரில் லிஃப்டும் ஓடுமா? பால்கனி உண்டா? ஜன்னலுக்குக் கம்பி போட்டிருக்கிறதா? வெந்நீர் நாள் முழுவதும் வருமா, காலையில் மட்டுமா? கூடுதல் மெத்தை தருவீர்களா, அதற்கு எவ்வளவு? ஐந்து வயதுக்குள் குழந்தைக்குக் கட்டணம் உண்டா? ராத்திரி பத்து மணிக்குப் பால் கிடைக்குமா? குழைந்த சோறு, காரம் இல்லாத ரசம் கேட்டால் செய்து தருவார்களா?

பதிலைவிடப் பதில் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். நான் பேசிய முதல் இடத்தில், இரண்டாவது கேள்விக்கே அந்தத் தம்பிக்குச் சலிப்பு வந்துவிட்டது. மூன்றாவது இடத்தில் பேசியவர், "எத்தனை வயசுப் பிள்ளைங்கம்மா? அப்போ பால்கனி ரூம் வேண்டாம். முதல் மாடியில பின்பக்கம் தரேன்" என்று தானாகவே சொன்னார். அங்கேயே எடுத்துவிட்டோம். முதல் இடத்தைவிட ஒரு நாளைக்கு 600 ரூபாய் கூடுதல்தான். ஆட்டோவுக்குக் கொடுப்பதையும் வெளியே வாங்கும் சாப்பாட்டையும் கூட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் வரவில்லை.

அறைக்குள் போனதும் பெட்டியைத் திறக்காதீர்கள். பிள்ளையை ஒருவர் வைத்துக்கொள்ள, இன்னொருவர் முட்டி போட்டுத் தரையோடு தரையாக ஒரு சுற்று வாருங்கள். குழந்தையின் கண் உயரத்தில் பார்த்தால்தான் தெரியும். கட்டிலுக்கு அடியில் முன்பு தங்கியவர் விட்ட மாத்திரை, பொத்தான், கொசுவர்த்தித் துண்டு கிடக்கலாம். கெட்டிலின் வயர் மேசையிலிருந்து தொங்கும். அதை எடுத்து அலமாரியின் மேல் வையுங்கள். கெட்டிலில் வெந்நீர் மட்டும் போடுங்கள், பால் காய்ச்ச வேண்டாம். பொங்கி வழிந்தால் ஆபத்து. ஜன்னலை ஒட்டி நாற்காலியோ டீப்பாயோ இருந்தால் நகர்த்திவிடுங்கள். ஏறுவதற்கு அது போதும்.

குளியலறையில் வாளியில் தண்ணீர் பிடித்து வைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. குழந்தை இருக்கும் அறையில் அது வேண்டவே வேண்டாம். தலைகீழாகக் கவிழும் குழந்தைக்குச் சில அங்குலத் தண்ணீரே போதும். வாளியைக் கவிழ்த்தே வையுங்கள். கீசர் தண்ணீரை நேராகப் பிள்ளை மேல் ஊற்றாதீர்கள். 60 டிகிரி சூட்டில் சில நொடிகளிலேயே தோல் வெந்துவிடும். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர், பிறகு உங்கள் முழங்கை, அதன் பிறகுதான் குழந்தை. உள்தாழ்ப்பாள் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தால், கதவின் மேல் விளிம்பில் ஒரு துண்டைத் தொங்கவிடுங்கள். கதவு முழுவதும் சாத்தாது. பிள்ளையும் உள்ளே மாட்டிக்கொள்ளாது.

தூங்க வைப்பதுதான் பெரிய பாடு. நம் வீட்டுப் பிள்ளைகள் தூளியில் பழகியவர்கள். ஹோட்டல் அறையில் கொக்கி இருக்காது. ஃபேன் கொக்கியிலோ ஜன்னல் கம்பியிலோ சேலையைக் கட்டும் யோசனை யாருக்கும் வரவேண்டாம். மடக்கித் தூக்கிப் போகும் தொட்டில் ஸ்டாண்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் ரயிலில் அதுவும் ஒரு சுமை. நாங்கள் புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னாலிருந்தே பேரனைத் தரையில் பாய் விரித்துத் தூங்கப் பழக்கினோம். முதல் மூன்று நாள் அழுதான். பிறகு பழகிவிட்டது. அறையில் கூடுதல் மெத்தையை வாங்கித் தரையில் போட்டு, வீட்டில் அவன் போர்த்துகிற என் பழைய நூல் சேலையையே மேலே விரித்தேன். அந்த வாசனைக்குத்தான் தூங்கினான் என்று நினைக்கிறேன். கட்டிலில் படுக்க வைத்துச் சுற்றித் தலையணை அடுக்குவதைவிட இது நல்லது. கட்டிலைச் சுவரோடு தள்ளினாலும் இடுக்கில் குழந்தை சிக்கிக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. ஏ.சி. காற்று நேராக மெத்தை மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: காய்ச்சல் மருந்து (உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த அளவோடு), ஓ.ஆர்.எஸ். பொட்டலம், தெர்மாமீட்டர், சின்னக் கொசுவலை. டெங்கு பரப்பும் கொசு பகலில்தான் கடிக்கும் என்பதால் பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். இனிப்புச் சாறு டப்பா அதற்கு ஈடாகாது. அவசரத்துக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104.

நேரம் மிச்சமிருந்தால் மாலையில் ஒரே ஓர் இடம் போதும். எழும்பூர் அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியது, பக்கத்திலேயே இருக்கிறது, வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் பூங்கா செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஊருக்கு வெளியே தூரத்தில் இருப்பதால் இந்த வயதுக் குழந்தைக்கு அலைச்சல். இரண்டு வயதுப் பிள்ளைக்கு மெரினா மணலும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் கிடைத்தால் அதுவே உலகம்.

கலந்தாய்வு நாளன்று காலை ஏழரைக்கு மகள் பாலூட்டிவிட்டுக் கிளம்பினாள். பையன் கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு நானும் அவனும் பின்பக்க ஜன்னல் கம்பி வழியாக வேப்பமரத்துக் காக்காயை எண்ணினோம். இரண்டு வரைதான் அவனுக்குத் தெரியும். அதற்கு மேல் எல்லாமே "நெறைய". பத்தரைக்கு இட்லி. பன்னிரண்டரைக்கு, கேட்டபடியே குழைந்த ரசம் சோறு வந்தது. ஒரு மணிக்கு என் சேலையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டான். மூன்று மணிக்குப் போன் வந்தது. "எம்மா, தூங்கினானா?" என்றாள். "உனக்கு எந்த ஊருடி கிடைச்சுது?" என்றேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டோம். அவன் தூங்குகிறான் என்று நான் சொன்ன பிறகுதான் அவள் ஊர்ப் பெயரைச் சொன்னாள். பக்கத்து மாவட்டம்தான், தினமும் பஸ்ஸில் போய் வரலாம். ஊர்ப் பெயரைச் சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது.

மாணவச் செல்வங்களில் அப்பாக்களாக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அறை தேடும் வேலை உங்களுடையதாக இருக்கட்டும். மேலே சொன்ன வினாத்தாளை வைத்துக்கொண்டு மூன்று இடத்துக்கும் நீங்களே போன் செய்யுங்கள். எந்த அறை என்று முடிவு செய்வதை மட்டும் குழந்தையின் அம்மாவிடம் விட்டுவிடுங்கள். பிள்ளை எதற்கு அழும், எதற்கு அடங்கும் என்பது அவளுக்குத்தான் தெரியும். கூட யாரும் வர முடியாத பெண்கள் தயங்காமல் அம்மாவையோ மாமியாரையோ அத்தையையோ கூப்பிடுங்கள். ஓய்வு பெற்றவர்கள் நாங்கள் பின்னே எதற்கு இருக்கிறோம்?

கலந்தாய்வுக்குப் போகும் என் மாணவிக்கு: உன் அசல் சான்றிதழ்களை ஒரு பையிலும் பிள்ளையின் சாமான்களை இன்னொரு பையிலும் வை, தாயி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிடாதே. என்ன ஊர் கிடைத்தது என்று டீச்சருக்கு மறக்காமல் சொல்லு.

எல்லோரும் நலமாக இருக்க வாழ்த்துகள்.