நோட்டுப் புத்தகத்தின் தீர்ப்பு

கார் வாங்கியவன் மைலேஜைப் பற்றி உண்மை பேசமாட்டான். நானும் அந்த ரகந்தான், நேயர்களே!

பெட்ரோல் என்ஜினும் மின்சார மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் காரொன்றைக் கடனில் வாங்கிப் பாலவாக்கம் வீட்டு வாசலில் நிறுத்தினேன். "லிட்டருக்கு இருபத்தைந்துக்கு மேல்!" என்று மார்தட்டினேன். மனைவி பதில் சொல்லவில்லை. பால் கணக்கு நோட்டில் ஒரு பக்கத்துக்குக் கோடு போட்டாள்.

டாங்கை நிரப்பியதும் கிலோமீட்டரைக் குறிப்பாள். மறுபடி நிரப்பும்போது, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுப்பாள். மயிலாப்பூர் ஆபீசுக்குப் போய்வந்த வாரம் 22. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு விரட்டிய ஞாயிறு 18!

"நெரிசலில் கூடுதலா?" என்று விழித்தேன். ஆம். திருவான்மியூர் சிக்னலில் என்ஜின் தூங்குகிறது. பிரேக் போடும்போது வீணாகும் வேகம் மின்சாரமாகி பாட்டரியில் சேர்ந்து, மறுபடி வண்டியை நகர்த்துகிறது. திறந்த சாலையில் பிரேக்குக்கு ஏது வேலை? பெட்ரோல்தான் இழுக்கிறது.

2022-ல் வந்த கிராண்ட் விடாரா ஹைப்ரிட்டின் 27.97 போன்ற எண்களோ, ஆய்வுக்கூடத்தில் உருளைகள்மேல் ஓட்டி எடுத்தவை. அங்கே ஏ.ஸி. ஓடாது, மாமியாரின் மூட்டை முடிச்சும் கிடையாது.

சாதாரணக் காரைவிடச் சில லட்சம் அதிகம் கொடுத்தோமே, அது திரும்புமா? நோட்டை மூடிக்கொண்டே மனைவி சொன்னாள்: "தினம் ஊருக்குள் ஓட்டினால் லாபம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டினால் பெருமைதான் மிச்சம்!"