பெரும்பாடுள்ள ஸ்திரீயும் நம் சபையின் சகோதரிகளும்

தியானப் பகுதி: மாற்கு 5:25-34



நம் சபையில் வந்து சேரும் ஜெப விண்ணப்பச் சீட்டுகளில் "வயிற்றுவலி நீங்க" என்னும் வரி அடிக்கடி காணப்படுகிறது. பெரும்பாலும் அதன்கீழ்ப் பெயர் இருப்பதில்லை. எழுதியவர்களுள் சிலர் பின்னர் என் மனைவியிடம் தனியே பேசும்போதுதான், அது மாதந்தோறும் வரும் வலி என்பதும், வயது நாற்பதைக் கடந்தும் விடவில்லை என்பதும் தெரியவருகிறது. ஆண் போதகர் ஒருவர் இதைக் குறித்து எழுதுவது சிலருக்குக் கூச்சமாக இருக்கலாம். மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரும் தயங்காமல் எழுதிவைத்த ஒரு காரியத்தை நாம் மட்டும் ஏன் மறைத்துப் பேசவேண்டும்?

பன்னிரண்டு ஆண்டுகள் உதிரப்போக்கினால் வருந்திய அந்த ஸ்திரீயின் நோய் எதுவென்று வேதம் சொல்லவில்லை; நாமும் ஊகித்துச் சொல்லவேண்டாம். ஆயினும் பல வைத்தியரிடம் சென்று, கையிலிருந்ததையெல்லாம் செலவழித்து, முன்னிலும் மோசமான நிலைக்கு வந்தாள் என்று மாற்கு எழுதுவதை வாசிக்கும்போது நம் சகோதரிகள் பலர் நினைவுக்கு வருகிறார்கள். (மருத்துவராகிய லூக்கா தம் தொழிலாரைக் குறித்துச் சற்று மென்மையாகவே எழுதுகிறார் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.)

எண்டோமெட்ரியோசிஸ் என்ற பெயரை உங்களில் சிலர் ஸ்கேன் அறிக்கையில் பார்த்திருக்கக்கூடும். கருப்பையின் உட்புறத்தில் படர்ந்திருக்கும் படலத்தைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே சினைப்பையிலும் குடலின்மீதும் வளர்வதே இந்நோய். மாதவிலக்கின்போது அந்தத் திசுவிலும் உதிரம் கசியும். வெளியேற வழியின்றி அங்கேயே அழற்சியையும் தழும்பையும் உண்டாக்கும். சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கிய கட்டியை மருத்துவர்கள் சாக்லேட் சிஸ்ட் என்பார்கள். 1920களில் ஜான் சாம்ப்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் இந்நோய்க்கு இப்பெயரை வழங்கினார். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் ஆலயத்தின் இருக்கைகளை மனக்கண்ணில் எண்ணிப் பாருங்கள். 2020இல் வெளிவந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்றின் அறிக்கை, அந்நாட்டில் நோய் இன்னதென்று கண்டறியவே சராசரியாக 8 ஆண்டுகள் ஆவதாகச் சொன்னது. வசதி மிகுந்த நாட்டிலேயே நிலைமை அப்படி!

நம் வீடுகளில் இந்தத் தாமதத்துக்கு ஒரு வாக்கியமே போதும்: "இன்னும் கொஞ்ச நாள்தானே, நின்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்." இதில் பாதி உண்மை. ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறையும்போது பெரும்பாலோருக்கு இவ்வலி தணிகிறது. ஆனால் நம் நாட்டில் மாதவிலக்கு நிற்கும் வயது சராசரியாக 46, 47. நாற்பது வயதில் இருப்பவருக்கு அந்தக் கொஞ்ச நாள் ஆறேழு ஆண்டுகள். சிலருக்கு நின்ற பின்னும் வலி தொடர்வதுண்டு. மேலும் நாற்பதுக்குமேல் வரும் மிகுந்த உதிரப்போக்கு, புதிதாகத் தோன்றும் சினைப்பைக் கட்டி, மாதவிலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் மீண்டும் காணும் உதிரம் ஆகியவற்றைப் பழைய நோய்தானே என்று விட்டுவிடலாகாது. வேறு ஏதேனும் உண்டோ என்று மருத்துவர் பார்த்தே தீரவேண்டும்.

"மாத்திரை வேண்டாம், ஜெபம் போதும்" என்று சொல்லுகிறவர்கள் 2 நாளாகமம் 16ஆம் அதிகாரத்தில் ஆசா ராஜாவைக் காட்டுவார்கள். ஆசா வைத்தியரிடம் போனது குற்றமன்று. கர்த்தரை அறவே தேடாமற்போனதே குற்றம். எசேக்கியாவின் சரித்திரத்தைச் சேர்த்து வாசியுங்கள். பதினைந்து ஆண்டுகள் ஆயுசு கூட்டப்படும் என்ற வாக்கைக் கொண்டுவந்த அதே ஏசாயா, அத்திப்பழ அடையைப் புண்ணின்மேல் வைக்கவும் சொன்னார். வாக்குத்தத்தமும் பற்றும் ஒரே தீர்க்கதரிசியின் வாயிலிருந்து வந்தன.

அந்த அத்திப்பழ அடை எனக்கு மயிலாப்பூர் கச்சேரி சாலையின் நாட்டுமருந்துக் கடைகளை நினைவூட்டும். சுக்கு, வெந்தயம், அசோகப் பட்டை, மலைவேம்பு என்று கேட்டு வாங்கிச் செல்லும் தாய்மார்களை நான் குறை சொல்லமாட்டேன். சுடுநீர்ப் பை வைத்தால் வலி தணிகிறது. இஞ்சியும் சிலருக்கு உதவுகிறது. அடையாற்றிலோ கடற்கரையிலோ நாள்தோறும் நடப்பது உடலுக்கும் மனதுக்கும் நல்லது. உதிரம் மிகுதியாகப் போகிறவர்கள் முருங்கைக்கீரையும் பேரீச்சையும் உண்ணட்டும். உணவோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது. ஆயினும் வெளியே வளர்ந்த திசுவைக் கரைத்துவிடும் என்று நிரூபிக்கப்பட்ட கஷாயம் எதுவும் இல்லை. சித்த மருத்துவத்தை நாடுவதானால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது; படித்த மருத்துவரைப் பாருங்கள். பெயரெழுதாத பொட்டலத்தை வாங்காதீர்கள். எதை உட்கொண்டாலும் ஆங்கில மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மருத்துவமனை தருவதும் பலவகை. மெஃபனாமிக் அமிலம் போன்ற வலிமாத்திரைகள் உண்டு. நாள்தோறும் உட்கொள்ளும் டையனோஜெஸ்ட் என்னும் ஹார்மோன் மாத்திரை உண்டு. கருப்பைக்குள் பொருத்தி ஆண்டுக்கணக்கில் விட்டுவைக்கும் மிரெனா என்னும் சாதனம், உதிரப்போக்கை வெகுவாகக் குறைக்கும். கருத்தடைச் சாதனம் என்று கேள்விப்பட்டு இதை மறுத்த சகோதரிகள் உண்டு. நோய்க்காக வைப்பதில் மனச்சாட்சிக்கு எந்தத் தடையும் இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. ஈஸ்ட்ரோஜனை அடக்கும் ஊசிகள் எலும்பைத் தேயச் செய்வதால் அவற்றை நெடுங்காலம் தனியே தருவதில்லை. லேப்ராஸ்கோப்பி வழியாகத் திசுவை அகற்றலாம்; அது மீண்டும் வளரவும் கூடும்.

கருப்பையை எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னால் உடனே கையெழுத்திடவும் வேண்டாம், அஞ்சி ஓடவும் வேண்டாம். வெளியேயுள்ள திசுவையும் அகற்றுவார்களா, சினைப்பைகளை வைப்பார்களா எடுப்பார்களா என்று கேளுங்கள். இளவயதில் சினைப்பைகளை இழந்தால் எலும்பும் இருதயமும் பாதிக்கப்படலாம். இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது முதல் மருத்துவரை அவமதிப்பதாகாது.

இப்படிக் கேட்க நமக்கு வழி திறந்தவர்களை மறந்துவிடக்கூடாது. வழக்கறிஞரான கணவருடன் சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப், ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட மறுத்து மடிந்த பெண்களைக் கண்டு மனம் பொறுக்காதவர். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்க்கப்பட்ட முதல் நான்கு பெண்களில் ஒருவர். 1885இல் அவர் தொடங்கிய பெண்கள் மருத்துவமனைதான் இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இயங்குகிறது. நம் பாட்டிமார் கோஷா ஆஸ்பத்திரி என்றது அதைத்தான். ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும், மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்துகொண்டே அங்கே செல்லக் கூசும் சகோதரிகள் இருக்கிறார்கள்.

மாற்குவின் பகுதிக்குத் திரும்புவோம். வஸ்திரத்தைத் தொட்டவுடனே அவளுக்குச் சுகம் கிடைத்துவிட்டது. ஆண்டவர் அப்படியே நடந்திருக்கலாம். யவீருவின் மகளோ மரணத்தறுவாயில் இருக்கிறாள். ஆயினும் அவர் நின்றார், தொட்டது யாரென்று கேட்டார். அவள் நடுங்கிக்கொண்டு வந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். லேவியராகமம் 15ஆம் அதிகாரத்தின்படி தீட்டுள்ளவளாக எண்ணப்பட்ட ஒருத்தியின் பன்னிரண்டு ஆண்டுக் கதையை, நெருக்கும் ஜனக்கூட்டத்தின் நடுவே, அவசரமான ஒரு பயணத்தை நிறுத்திவிட்டு அவர் கேட்டார். மகளே என்று அழைத்தார். சுவிசேஷங்களில் அவர் ஒரு பெண்ணை நேராக அப்படி அழைப்பது இங்கேதான். நம் வீடுகளில் சிலவற்றில் இன்றும் "அந்த நாட்களில்" பெண்கள் திருவிருந்துக்கு வரத் தயங்குவதை அறிவேன். தயங்கவேண்டாம், வாருங்கள்.

சகோதரிகளே, ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் மூன்று மாதம் குறித்துவையுங்கள்: வலி எந்த நாளில் தொடங்கிற்று, எத்தனை நாள் இருந்தது, உதிரம் எவ்வளவு, மலங்கழிக்கும்போது வலித்ததா, எந்த வேலையை விட்டுப் படுக்க நேர்ந்தது. ஐந்து நிமிடமே கிடைக்கும் புறநோயாளர் பிரிவில் அந்தப் புத்தகம் உங்களுக்காகப் பேசும். ஹீமோகுளோபின் அளவையும் பார்த்துவிடுங்கள்.

சகோதரர்களே, உங்கள் மனைவி மருத்துவரைப் பார்க்கச் செல்லும் நாளில் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு உடன் செல்லுங்கள். பழைய ஸ்கேன் அறிக்கைகளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே அமர்ந்தபின், அவர் பேசி முடிக்கும்வரை நீங்கள் பேசாதிருங்கள்.