தலை சுற்றுகிறது என்று சொன்னால்

2016-ஆம் வருஷம் பொங்கலன்று இரவு, வழக்கம்போல் பிரெஞ்சுச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வழியில் படித்த பழக்கம், இன்னும் விடவில்லை. பிரான்சின் மேற்கே உள்ள ரென் நகரத்தில், ஒரு புது மருந்தைச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்து வந்த ஆரோக்கியமான ஆட்கள் ஆறு பேர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், ஒருவருக்கு மூளைச்சாவு என்று சொன்னார்கள். 17-ஆம் தேதி அவர் இறந்துவிட்டார்.

மருந்தின் பெயர் பி.ஐ.ஏ. 10-2474. நம் மூளையில் தானாகச் சுரக்கும் ஒரு பொருளுக்கு ஆனந்தமைடு என்று பெயர். 1992-இல் கண்டுபிடித்தவர்கள், நம் 'ஆனந்தம்' என்ற சொல்லிலிருந்தே அந்தப் பெயரை வைத்தார்கள். ஆனந்தமைடைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. அந்த நொதியைத் தடுத்தால் வலி குறையும் என்பதுதான் இந்த மருந்தின் கணக்கு.

மருந்தை எடுத்தவுடன் மனிதனுக்குக் கொடுத்துவிடவில்லை. சுண்டெலி, எலி, நாய், குரங்கு என்று எல்லாவற்றுக்கும் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். மூளைக்கும் நரம்புக்கும் கெடுதல் வருமா என்று பார்க்கப் பொதுவாகவே சில முறைகள் உண்டு. எலிக்கு மருந்து கொடுத்துவிட்டு அதன் நடை, அசைவு, உடல் சூடு, தொட்டால் துள்ளுகிறதா என்பதையெல்லாம் ஒவ்வொன்றாகக் குறிப்பார்கள். சுழலும் உருளை மேல் ஏற்றி, எவ்வளவு நேரம் விழாமல் நிற்கிறது என்று பார்ப்பார்கள். நல்ல முறைகள்தான். ஆனால் 'தலை வலிக்கிறது, கண் மங்குகிறது' என்று எலி வாய் திறந்து சொல்லாது. அதை முதலில் சொல்லக்கூடியவன் மனிதன்தான்.

ரென்னில் கால் மில்லிகிராமில் ஆரம்பித்து, குழு குழுவாக அளவை ஏற்றினார்கள். ஒரே தடவையாக 100 மில்லிகிராம் கொடுத்தபோதுகூடப் பெரிய தொந்தரவு வரவில்லை. தினமும் 20 மில்லிகிராம் என்று பத்து நாள் கொடுத்தார்கள். அடுத்த குழுவுக்குத் தினமும் 50. அந்தக் குழுவில் எட்டுப் பேர். ஆறு பேருக்கு மருந்து, இரண்டு பேருக்கு வெறும் மாத்திரை. ஆளுக்கு 1,900 யூரோ. ஜனவரி 6-ஆம் தேதி தொடங்கினார்கள். 10-ஆம் தேதி மாலை ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலை மற்ற ஐந்து பேருக்கும் வழக்கம்போல் மருந்து கொடுத்தார்கள். பிறகுதான் நிறுத்தினார்கள். அந்த ஐவரில் நான்கு பேருக்கு நரம்புக் கோளாறு வந்தது.

பிற்பாடு அரசாங்க விசாரணை அறிக்கை வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் எப்படியிருக்கிறார் என்று கேட்டறியாமல் மறுநாள் மருந்து கொடுத்தது ஒரு பெரிய தவறு என்று அது சொன்னது. மற்றவர்களிடம் விஷயத்தைச் சொல்லி, 'இனியும் சம்மதமா' என்று கேட்காதது இன்னொரு தவறு. அப்போது எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு போன் போட்டுக் கேட்க எவ்வளவு நேரமாகும்? முதல் கடிதத்துக்குப் பதில் வராமல் அடுத்த உத்தரவை டைப் அடிக்கக் கூடாது என்று ஆபீசில் எங்களுக்கே சொல்லிக்கொடுத்திருந்தார்களே என்று என் மனைவியிடம் பொரிந்து தள்ளினேன்.

இரண்டு வருஷம் கழித்து, சர்க்கரையால் வந்த கால் எரிச்சலுக்கு அவளுக்கு ஒரு நரம்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். புது மருந்தல்ல, பல பேர் சாப்பிடுவதுதான். நாலைந்து நாள் போனதும், "என்னங்க, இந்த மாத்திரை போட்டதிலேருந்து நடந்தா தரை நகர்ற மாதிரி இருக்கு" என்றாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "பழகிடும்" என்றேன்.

அடுத்த வாரம் டாக்டர், "மாத்திரை ஒத்துக்கிச்சாம்மா? தலைசுற்றல் ஏதாவது?" என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர், நல்லா தூங்கறா. எரிச்சல்தான் குறையல." இன்னொரு ஸ்கேன் எழுதிவிடுவாரோ என்ற பயம், சீக்கிரம் வீடு திரும்ப வேண்டுமென்ற அவசரம். எரிச்சல் குறையாததால் அவர் அளவை ஏற்றினார். அவர்மேல் தப்பில்லை, அவருக்குக் கிடைத்த தகவல் அவ்வளவுதான். மூன்றாம் நாள் விடியற்காலை அவள் குளியலறையில் விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது.

மாவுக்கட்டு போடும்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் ரென் ஞாபகம் வந்தது. அங்கே போனது உயிர், இங்கே கை. ஆனால் இரண்டு இடத்திலும், சொல்ல வேண்டியதை ஒருவர் உடம்பு சொல்லிவிட்டது. அதைக் கேட்டு அடுத்தவருக்குச் சொல்ல வேண்டியவர்தான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அது நான்.

ரென் சம்பவத்துக்குப் பிறகு ஐரோப்பாவில் முதல் தடவை மனிதருக்கு மருந்து கொடுக்கும் விதிகளை 2017-இல் திருத்தினார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு விதி உண்டு. டாக்டரிடம் போனால் நான் பேசக் கூடாது. மாத்திரைச் சீட்டின் பின்னால் தேதி போட்டு, உடம்பு எப்படியிருக்கிறது என்று அவளே ஒரு வரி எழுதிவைக்கிறாள். அந்தக் கையால் எழுதுவதால் எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். டாக்டர் பொறுமையாகத்தான் படிக்கிறார்.