சின்னக் காயம்தானே?

"மோட்டார் சைக்கிளோட்டி சிறு காயங்களுடன் உயிர் தப்பினார்." வானொலியில் இந்த வரியை எத்தனையோ காலைகளில் வாசித்திருக்கிறேன். கேட்கும் நேயர்களும் நிம்மதியாகிவிடுவார்கள். ஆனால் காயம் சிறியதென்று யார் முடிவு செய்வது?

போன வருடம் என் தம்பி மழையில், கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடத்தில் சறுக்கி விழுந்தான். முழங்காலில் சிராய்ப்பு. ஹேண்டல் இடது விலாவில் இடித்ததாம். "ஒன்னும் இல்லக்கா" என்று சிரித்தான். இரவில் இடது தோள் வலித்தது. தைலம் தேய்க்கப் போன அம்மா, "உடம்பு ஏன்டா இப்படிச் சில்லுனு வேர்க்குது?" என்று பதறினார். மருத்துவமனைக்கு ஓடினோம். ஸ்கேனில் மண்ணீரல் கிழிந்து, வயிற்றுக்குள் இரத்தம் கசிவது தெரிந்தது. தோளில் அடியே படவில்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையை இரத்தம் உறுத்தினால் வலி தோளில் தெரியும் என்றார் டாக்டர். நல்லவேளை, தம்பி பிழைத்தான்.

விழுந்தவரிடம் "வலிக்குதா?" என்பதோடு, "எங்கே இடிச்சது?" என்றும் கேளுங்கள். தலையில் அடிபட்டவருக்குத் தலைவலி கூடினாலோ, வாந்தி வந்தாலோ, தூங்கி வழிந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், 999-ஐ அழையுங்கள். மணிக்கட்டில், கட்டைவிரலின் அடிப்பக்கம் ஏற்படும் எலும்பு முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். வலி நீடித்தால் மறுபடியும் காட்டுங்கள். வேலைக்குப் போகும் வழியில் விழுந்திருந்தால் சொக்சோவில் கோருவதற்கும் மருத்துவ அறிக்கை உதவும்.

"ஒன்னும் இல்ல" என்பதை, பரிசோதித்துப் பார்த்த பிறகு மருத்துவரே சொல்லட்டும்.